அந்தப் படம் தாய்க்கு உரியது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு பிரபலத்தின் வீட்டில் வயிற்றுப் பிள்ளை இறந்துவிட்டது என்று செய்தி வந்தால் போதும், 'கதறி அழும் புகைப்படம் உள்ளே' என்ற தலைப்போடு அது வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. இந்த நேரத்திலுமா படம் எடுப்பார்கள், இதையும் விளம்பரமாக்கிவிட்டார்களே என்று கீழே கருத்துகள். ஏசுகிறவர்களே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அடுத்த குழுவுக்கும் அனுப்பிவிடுகிறார்கள். மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் பிரசவ விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் ஸ்டூடியோக்களிலும் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். படம் எடுத்ததே பிழை என்பவர்களுக்கும், எடுத்த படத்தைப் பரப்புவதில் பிழையில்லை என்பவர்களுக்கும் எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அந்தப் படம் தாய்க்கும் தகப்பனுக்கும் உரியது. எடுப்பதா, வைத்திருப்பதா, மற்றவருக்குக் காட்டுவதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதிகம் பேசப்பட்ட படங்கள் 2020 செப்டம்பர் 30 ஆம் திகதி வெளிவந்தவை. அமெரிக்கப் பாடகர் ஜோன் லெஜன்ட்டும் அவர் மனைவி கிறிஸி டீகனும், ஜாக் என்று பெயர் வைத்திருந்த மகனை ஏறத்தாழ 20 கிழமை (வார)க் கர்ப்பத்தில் இழந்தார்கள். நச்சுக்கொடியின் ஒரு பகுதி கருப்பைச் சுவரிலிருந்து கழன்று, இரத்தம் ஏற்றியும் நிலைமை திரும்பவில்லை. (கர்ப்பிணிகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். நச்சுக்கொடி கழன்றால் வயிறு பலகை மாதிரி இறுகலாம், வலி விட்டு விட்டு வராமல் தொடர்ந்து நிற்கலாம். இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கவும் கூடும். அதனால் இரத்தம் படவில்லையே என்று வீட்டில் இருக்கக்கூடாது.) கட்டிலில் குனிந்திருந்து அழும் கிறிஸியின் படமும், துணியில் சுற்றிய பிள்ளையை இருவரும் வைத்திருக்கும் படமும் கறுப்பு வெள்ளையில் வந்தன. ஏச்சும் உடனே வந்தது. அடுத்த மாதம் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், படம் எடுக்கும்படி தன் தாயிடமும் கணவரிடமும் கேட்டது தானே என்றும், கணவர் தயங்கினார் என்றும், பின்னாளில் தனக்கு அவை தேவைப்படும் என்று தெரிந்தே கேட்டதாகவும் விளக்கினார். எடுக்கச் சொன்னவரும் அவர், வெளியிட்டவரும் அவர். அவருடைய விடயத்தில் மற்றவர்கள் கேட்க வேறு எதுவும் இல்லை.

எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. ஐந்து மாதக் கருவை 2020 இல் இழந்த நடிகை ராணி முகர்ஜி அதை 2023 ஓகஸ்டில் மெல்பேர்னில்தான் வெளியே சொன்னார். தன் திரைப்படம் வெளியாகும் நேரத்தில் சொன்னால் விளம்பரம் தேடுவதாக நினைப்பார்கள் என்று வாய் மூடி இருந்திருக்கிறார். கிறிஸ்டியானோ ரொனால்டோவும் அவர் துணைவியும் இரட்டையரில் ஆண் பிள்ளை இறந்ததை 2022 ஏப்ரல் 18 ஆம் திகதி எழுத்தில் மட்டும் அறிவித்தார்கள். மறுநாள் லிவர்பூல் மைதானத்தில் அவர் விளையாட வரவில்லை. ஆனாலும் ஏழாவது நிமிடத்தில் எதிரணி இரசிகர்களும் எழுந்து கைதட்டினார்கள், அவருடைய சட்டை இலக்கம் 7 என்பதால். அந்த மரியாதைக்குப் பிள்ளையின் படம் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று குடும்பங்களும் மூன்று வழியில் துக்கம் காத்தன. மூன்றும் சரி.

'இது வெள்ளைக்காரப் பழக்கம்' என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. செத்த வீட்டில் பிரேதத்தைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுப்பது எங்கள் ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பே இருந்த வழக்கம். பழைய அல்பங்களில் இன்னும் இருக்கின்றன. இன்று கனடாவிலும் லண்டனிலும் உள்ளவர்கள் பார்க்க இறுதிக் கிரியைகள் நேரலையில் போகின்றன. சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டுகிறோம், முப்பத்தோராம் நாளுக்குப் படத்தோடு பத்திரிகையில் அஞ்சலி போடுகிறோம். ஒரு படம் இல்லாமல் போவது என்னவென்பதும் இந்தக் கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 கடல், கல்லடியிலிருந்து பாண்டிருப்பு, மருதமுனை, சாய்ந்தமருது வரை ஆட்களோடு அல்பங்களையும் கொண்டுபோனது. பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு துண்டுப் படமும் இல்லாமல் நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். வயிற்றில் இறந்த பிள்ளைக்கு மட்டும் ஏன் படம் கூடாது?

அந்தப் பிள்ளைக்குக் கடதாசியும் பெரும்பாலும் இல்லை. எங்கள் சட்டத்தில் இறந்து பிறந்த பிள்ளை என்று சொல்ல 28 கிழமை தாண்டியிருக்க வேண்டும். 22 கிழமையில் போன பிள்ளைக்குக் கிளினிக் கார்டில் ஒரு வரியும் ஆஸ்பத்திரித் துண்டில் ஒரு வரியும்தான் மிஞ்சும். இங்கிலாந்தில் 2024 பெப்ரவரியிலிருந்து, 24 கிழமைக்கு முன் இழந்த பெற்றோரும் விண்ணப்பித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை, பிள்ளை இருந்தது என்பதற்கு அந்தப் படமும் ஒரு காலடி அச்சும்தான் சாட்சி.

ஆனால் விடுதியில் முதலில் நடப்பது மறைப்பு. பிள்ளையைப் பச்சைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். 'தாய்க்குக் காட்ட வேணாம், மனசு உடைஞ்சு போயிரும்' என்று பெரியவர்கள் தடுப்பார்கள். தகப்பனும் மாமனும் ஒரு சின்னப் பெட்டியோடு போய் அந்திக்குள் அடக்கிவிட்டு வருவார்கள். துடக்கு, பச்சை உடம்பு என்று தாயை மயானப் பக்கமே விடுவதில்லை. பிறகு வீடு பார்க்கப் போகும் குடும்பநல உத்தியோகத்தரைத் தனியே கூப்பிட்டு அந்தத் தாய் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: 'மிஸ்ஸி, புள்ள யார மாதிரி இருந்திச்சு?' பார்க்காத முகத்தை மனசு தானாக வரைந்துகொள்கிறது. அது உண்மையான முகத்தைவிடப் பயங்கரமாகவே இருக்கும்.

அதற்காகக் கட்டாயப்படுத்திக் கையில் கொடுக்கவும் கூடாது. 2002 இல் பிரித்தானியாவில் 65 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வொன்றில், இறந்த பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொன்னாலும், எல்லாருக்கும் ஒரே வழி இல்லை என்பதை அது காட்டுகிறது. கேட்க வேண்டும், விளக்க வேண்டும், தெரிவைத் தாயிடம் விட வேண்டும். 'பாக்கப் போறியா, இல்லையா?' என்று வாசலில் நின்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் பயத்தில் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவார்கள். கட்டிலருகே இருந்து, 'மகள், புள்ள சின்னன், தோல் கொஞ்சம் சிவந்து உரிஞ்சிருக்கு, கண் மூடியிருக்கு, நகமெல்லாம் இருக்கு. இப்ப வேணாம் எண்டாப் பரவாயில்ல, பொறகும் கேக்கலாம்' என்று என்ன தெரியப் போகிறது என்பதை முதலே சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். மாமியிடமோ கணவரிடமோ கேட்டுவிட்டுத் தாயிடம் கேட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய் மயக்கத்தில் இருந்தால் படத்தை எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, அவர் கேட்கும்வரை தகப்பனிடம் வைக்கச் சொல்லலாம். எடுத்த படத்தைப் பாராமல் விடலாம், எடுக்காத படத்தை யாராலும் கொடுக்க முடியாது.

இனி படம் எடுக்கும் வேலை. நேரம்தான் முதலாவது. வயிற்றில் உயிர் போய் ஆறு மணித்தியாலம் அளவிலேயே தோல் நனைந்து இளகத் தொடங்கிவிடும், ஒரு நாள் போனால் தொட்ட இடம் உரியும். பிறந்த பிறகு எங்கள் வெக்கையில் மாற்றம் இன்னும் விரைவு. உதடு முதலில் கருஞ்சிவப்பாகும், பிறகு கறுக்கும். அதனால் பிறந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் எடுக்கப் பாருங்கள். உறவினர் வரும்வரை வைத்திருக்க வேண்டுமென்றால் குளிர் வேண்டும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் தொட்டிலுக்கடியில் விரிக்கும் குளிரூட்டும் பாய் இருக்கிறது. இங்கே ஐஸ் பையையோ உறைய வைத்த அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலையோ துவாயில் இரண்டு மடிப்புச் சுற்றி, முதுகுக்குக் கீழும் இரண்டு பக்கமும் வைத்து, உருக உருக மாற்றலாம். ஐஸ் தோலில் நேரே படக்கூடாது, தண்ணீர் கசியவும் கூடாது, ஈரம் பட்டால் தோல் கழன்றுவிடும். உறைபெட்டிக்குள் மட்டும் வைக்க வேண்டாம். திசு உறைந்து குலைந்தால் பிரேத பரிசோதனையில் காரணம் தேட முடியாமல் போகும். பரிசோதனை செய்வதாக இருந்தால் வைத்தியரிடம் கேட்டுவிட்டு, அதற்கு முன்பே படத்தை எடுங்கள்.

தோல் உரிந்த பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்க்கக் கூடாது. உரிந்த இடத்தில் வாஸ்லின் தடவிய கோஸ் துண்டை வைத்தால் சட்டை ஒட்டாது. தலையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தலை நீண்டு தெரியும். ஒரு பின்னல் தொப்பி அதற்குப் போதும். வாய் திறந்திருந்தால் நாடிக்கு (மோவாய்க்கு)க் கீழே சின்னச் சுருள் துணி, கழுத்துக்குப் பின்னால் இன்னொன்று. தூக்குவதற்கு முன் பிள்ளையை ஒரு பக்கம் சரித்து மூக்கில் வரும் நீரை ஒற்றி எடுங்கள். தாயின் கையில் கொடுத்த பிறகு அது வழிந்தால் எல்லாரும் கலங்கிப்போவார்கள்.

சட்டை விடயத்தில் நல்ல மனதோடு பிழை விடுகிறார்கள். 20 கிழமைப் பிள்ளை தலையிலிருந்து குதி வரை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர், எடை 300 கிராம் அளவில். நிறைமாதப் பிள்ளைக்கு வாங்கிய சட்டையைப் போட்டால் பிள்ளையே அதற்குள் காணாமல் போய்விடும். ஆம்பிளைகளின் வெள்ளை லேஞ்சி (கைக்குட்டை) ஒன்று, கழுவிக் கழுவி மெத்தென்றாகியது, அந்த உடம்புக்கு அளவாக இருக்கும். வெள்ளை அல்லது சந்தன நிறம் நல்லது. தியேட்டர் பச்சைத் துணி முகத்தில் பச்சையை அடிக்கும், சிவப்புச் சால்வை சிவந்த தோலை இன்னும் சிவப்பாக்கும்.

16 கிழமை அளவில் போன பிள்ளையை மேசையில் வைத்துப் படம் எடுத்தால் தன் பாரத்திலேயே தட்டையாகிக் கை கால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு வழி தண்ணீர். சுத்தமான கண்ணாடிக் கிண்ணத்தில் சேலைன் அல்லது ஆறிய கொதிநீரை நிரப்பி, பிள்ளையை உள்ளங்கையில் ஏந்தி மெதுவாக இறக்குங்கள். உடம்பு மிதந்து கை கால் தானாக விரியும். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிவதைப் பார்க்கலாம். கிண்ணத்துக்கடியில் வெள்ளைத் துணி விரித்து மேலிருந்து, வெளிச்சம் தண்ணீரில் தெறிக்காத பக்கமாக நின்று எடுங்கள். இதையும் வைத்தியரிடம் கேட்காமல் செய்யக் கூடாது, பரிசோதனைக்குப் போகும் பிள்ளைக்குச் செய்யவே கூடாது.

வெளிச்சத்துக்கு யன்னல் போதும். கட்டிலை யன்னலுக்கு அருகே தள்ளி, வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கமாகச் சரிந்து விழும்படி பிள்ளையை வையுங்கள். மறுபக்கத்தில் வெள்ளைத் தலையணை உறையைப் பிடித்தால் நிழல் இளகும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பாதி பச்சை, மறு பாதி நீலம். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஈரமான தோலில் அது பளிச்சென்று தெறித்து, இரத்தம் கட்டிய இடத்தை எல்லாம் எடுத்துக் காட்டும். கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் பிள்ளைக்கு மிக அருகே போகிறார்கள், நெற்றியும் மூக்கும் பெருத்துவிடுகின்றன. ஒரு மீற்றர் தள்ளி நின்று 2 மடங்கு சூம் வைத்தால் முகம் முகமாக இருக்கும். அழகூட்டும் ஃபில்டரையும் பின்புறத்தை மங்கலாக்கும் முறையையும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சின்ன விரல் நுனிகளைப் பின்புறம் என்று நினைத்து அழித்துவிடும். காலடியிலிருந்து மேல்நோக்கி எடுக்காமல் தலைப்பக்கச் சரிவில் நின்று எடுங்கள்.

முகம் தெரியும் படங்களோடு முகம் தெரியாத படங்களையும் கட்டாயம் எடுக்க வேண்டும். தாயின் சுண்டுவிரலைச் சுற்றிய கை, தகப்பனின் உள்ளங்கையில் இரண்டு பாதம், காது, பிடரி மயிர். விரலை விரித்து வைக்கும்போது இழுக்காதீர்கள். முகமுள்ள படம் பெட்டிக்குள் இருக்கும், கையும் பாதமும் உள்ள படத்தைச் சுவரில் மாட்டலாம், வந்தவர்க்கும் காட்டலாம். எதைக் காட்டுவது என்று தெரிவுசெய்யும் உரிமை இந்த இரண்டு வகைப் படமும் இருந்தால்தான் குடும்பத்துக்கு வரும். மொத்தம் 10, 15 படம் போதும். விடுதியில் நின்று 200 படம் எடுப்பது தாயை வதைப்பது.

இந்தப் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வருவதற்குச் சோகம் காட்டுவது மட்டும் காரணமல்ல. குறைமாதப் பிள்ளையின் தோல் சிவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். நிறத்தை எடுத்தால் அது அடங்கி, முகத்தின் சாயல் மேலே வரும். ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பின் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் திட்டுகள் இன்னும் வெளுக்கும். எடுப்பதை வண்ணத்தில் எடுத்து, அந்த மூலப்படத்தை அழியாமல் வையுங்கள். வருடங்கள் கழித்து 'மயிர் என்ன நிறம்?' என்று கேட்பார்கள். கண்ணைத் திறந்த மாதிரி வரைவது, கன்னத்தில் ரோஸ் பூசுவது, சிறகு ஒட்டுவது எல்லாம் கேட்காமல் செய்யும் வேலை அல்ல. அமெரிக்காவின் கொலராடோவில் 2005 இல் தொடங்கிய 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' என்ற தொண்டு அமைப்பு இதற்கென்றே புகைப்படக் கலைஞர்களைக் காசு வாங்காமல் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. எங்கள் ஸ்டூடியோக்காரர்களும் இதை இலவசமாகச் செய்ய முடியும். கொடுத்த பிறகு கணினியில் உள்ள பிரதியை அழிக்க வேண்டும், கடையின் பெயரை மூலையில் அடிக்கக் கூடாது, கடை முகநூலில் மாதிரிக்குக்கூடப் போடக் கூடாது.

படம் வேண்டாம் என்பவர்களுக்குக் காலடி அச்சு இருக்கிறது. அலுவலக ஸ்டாம்ப் பேட் மையே போதும். பாதத்தை மையில் அமுக்க வேண்டாம், விரலில் மையைத் தொட்டுப் பாதத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். பிறகு பாதத்தைக் கடதாசியில் வைக்காமல், கடினமான மட்டையில் ஒட்டிய வழுவழுப்பான தடித்த கடதாசியைப் பாதத்துக்குக் கொண்டுபோய்க் குதியிலிருந்து விரலுக்கு உருட்டி எடுங்கள். முதல் அச்சு மை அப்பிக் கறுப்பாக வரும், இரண்டாவதும் மூன்றாவதும்தான் தெளிவாக வரும். 20 கிழமைப் பாதம் குதியிலிருந்து பெருவிரல் வரை ஏறத்தாழ 33 மில்லிமீற்றர், ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னது. பாதத்தோல் உரிந்திருந்தால் இதைச் செய்யாமல், பாதத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து எடுக்கலாம். கையில் கட்டிய பெயர்த் துண்டை வெட்டி எறியாமல் தாயிடம் கொடுங்கள்.

ஸ்கான் படத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பலருக்கும் பிள்ளையின் ஒரே படம் அதுதான். பாதுகாக்க வேண்டும் என்ற அவசரத்தில், பிறப்புச் சான்றிதழை லெமினேட் செய்வது போல இதையும் கொண்டுபோய் லெமினேட் செய்கிறார்கள். ஸ்கான் படம் சூட்டில் கறுக்கும் கடதாசியில் அடிப்பது. லெமினேற்றிங் இயந்திரத்தின் சூடு பட்டதும் முழுவதும் கறுப்பாக வெளியே வரும். பிறகு அதை மீட்க வழியே இல்லை. சும்மா அலுமாரியில் வைத்தாலும் எங்கள் வெக்கையில் சில வருடத்தில் மங்கிவிடும். கிடைத்த அன்றே பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் நேர் மேலே நின்று ஒரு படம் எடுங்கள் அல்லது கொம்யூனிக்கேஷன் கடையில் ஸ்கான் பண்ணி, சாதாரண புகைப்படக் கடதாசியில் அடித்து வையுங்கள். மூலத்தைப் பிளாஸ்ரிக் உறையில் போடாமல் கடதாசி உறையில் போடுங்கள்.

சமயம் பற்றிக் கேட்பார்கள். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுக் குடும்பங்கள் பல, மையித்தை (இறந்த உடலை)ப் படம் எடுப்பதை விரும்பாது. நான்கு மாதம் கடந்த பிள்ளையைக் கழுவிக் கபனிட்டு (துணி சுற்றி) மையவாடியில் அடக்குவதில் அவர்களிடம் முறையான மரியாதை இருக்கிறது, பெயரும் வைக்கிறார்கள். அங்கே படத்தைப் பற்றி ஒரு தடவை கேட்டு விட்டுவிடுவதே சரி. உரிந்த தோலைப் பற்றி மேலே சொன்னதைக் கழுவுகிறவருக்கும் சொல்லிவிடுங்கள். சைவக் குடும்பங்கள் சிசுவை எரிக்காமல் புதைக்கின்றன, அதற்கும் படத்துக்கும் முரண் எதுவும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு அடக்கப் பூசை கிடையாது என்று இன்னும் நம்பும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கலாம் என்று 1983 திருச்சபைச் சட்டத்தின் 1183 ஆம் பிரிவு சொல்கிறது. பங்குத் தந்தையிடம் கேட்கலாம்.

இன்னொன்றும் யாரும் தாய்க்குச் சொல்வதில்லை. 16 கிழமைக்குப் பிறகு இழந்தவர்களுக்கு மூன்றாம் நாள் அளவில் பால் சுரக்கலாம். சொல்லாமல் விட்டால், வீட்டில் தனியே இருக்கும்போது சட்டை நனைந்துதான் தெரியவரும். அதை நிறுத்த மருந்து இருக்கிறது, விடுதியை விட்டுப் போகுமுன் கேட்க வேண்டும்.

இப்போது பரப்புகிறவர்களுக்கு வருகிறோம். எங்கள் அனுபவத்தில் படம் வெளியே போவது பெற்றோரால் அல்ல. பார்க்க வந்தவர், பெட்டி தூக்கியவர், சில வேளை விடுதியில் வேலை செய்பவரே. அதிலும் கொடியது, மண்டையோடு வளராமலோ உடல் ஒட்டியோ பிறந்த பிள்ளைகளின் படத்தை 'அதிசயக் குழந்தை', 'விசித்திரப் பிறவி' என்று அனுப்புவது. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூட வேண்டும், மூடாமல் போனால்தான் மண்டையோடு வளராமல் போகிறது. அதிசயமும் இல்லை, சாபமும் இல்லை. அதைத் தடுக்கக் கல்யாணம் முடித்த கையோடு கிளினிக்கில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்கள். இந்தப் படம் அந்தத் தாயின் கைத்தொலைபேசிக்கே திரும்பி வருகிறது, அவளுடைய பிள்ளை என்று தெரியாதவர்களிடமிருந்து.

ஆசிரியர் அவர்களே, பத்திரிகைகளும் இணையத்தளங்களும் இதில் பொறுப்பில்லாதவை அல்ல. இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக்கோவை, வேதனை தரும் விடயங்களில் படங்களை உணர்வோடும் நிதானத்தோடும் கையாளச் சொல்கிறது. வயிற்றுப் பிள்ளையின் இழப்பை அந்த வகையில் சேருங்கள். குடும்பம் தானே வெளியிடாத படத்தைப் போடாதீர்கள். வெளியிட்டதாக இருந்தாலும் பிள்ளையின் முகத்தை வெட்டிப் பெரிதாக்கி முகப்பில் வைக்காதீர்கள், வருடா வருடம் தூசு தட்டி எடுக்காதீர்கள். 'பிண்டம்' என்று எழுதாதீர்கள், பெற்றோர் வைத்த பெயர் இருந்தால் அதை எழுதுங்கள். காரணத்தை ஊகிக்க வேண்டாம். முதல் 12 கிழமைக்குள் நடக்கும் கருச்சிதைவில் ஏறத்தாழப் பாதி, நிறமூர்த்தக் (குரோமோசோம்) குறையால் நடக்கிறது. நடிகை படப்பிடிப்புக்குப் போனதால் என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, இங்கே மோட்டார் சைக்கிளில் ஏறினாய், அன்னாசி தின்றாய் என்று ஒரு மருமகளின் தலையில் போய் விழுகிறது.

படம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் தாமதிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் எல்லாரிடமிருந்தும் அழிக்கலாம். குழு நிர்வாகியும் மற்றவர் போட்டதை அழிக்கலாம், அவரிடம் நேரே பேசுங்கள். முகநூலில் அந்தப் பதிவை முறையிடுவதைத் தாயிடம் விடாமல் ஐந்தாறு உறவினர் செய்யுங்கள். பிள்ளையின் படத்தை வைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. கைத்தொலைபேசி தானாகவே படங்களைக் கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏற்றி, அடுத்த வருடம் அதே நாளில் 'நினைவுகள்' என்று பாட்டோடு காட்டும். வீட்டில் பகிர்ந்த கணக்காக இருந்தால் பிள்ளைகளின் ரப்லெட்டிலும் தோன்றும். அந்தப் படங்களைப் பூட்டிய கோப்புறைக்கு மாற்றுங்கள். ஆனால் அதில் உள்ளது கைத்தொலைபேசி தொலைந்தால் போய்விடக்கூடும், ஆகவே ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துத் தாயின் சகோதரி போன்ற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், தெளிவு குறையாது.

கடைசியாக, அடித்த படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கத்தில் தடமாகத் தெரியும், மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன் எழுதுங்கள். பிள்ளைக்கு வைத்த பெயர், பிறந்த திகதி, நேரம், எடை. பெயர் வைக்கவில்லை என்றால் தாயின் பெயரை எழுதி 'மகன்' அல்லது 'மகள்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
பிரசவ விடுதி, குடும்பநலப் பணியாளர்களும் புகைப்படக் கலைஞர்களும் சிலர்
மட்டக்களப்பு – கல்முனை
(பெயர், முகவரி தனியே இணைக்கப்பட்டுள்ளன)